காட்டலும் காண்டலும்

கண் காணுங் கருவியேயன்றித் தானே காண்பதன்று என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. விழி திறந்திருப்பினும் உயிர் வேறொன்றில் அழுந்தியிருக்குமாயின், எதிரே செல்லும் யானையும் தோன்றாதொழிதல் எல்லார்க்கும் அனுபவமாம். உயிர் கண்ணினைப் பொருந்தி நின்று காணும்போதே கண்ணும் காண்பதாகின்றது. அவ்வாறே உயிரும் தானே ஒன்றனை அறியவல்லதன்று. இறைவன் உடனின்று அறிவிக்கவே அறிவது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 11ஆம் சூத்திரத்தில் இவ்வுண்மையை நிறுவி, அந்நன்றியை மறவாத அன்பே திருவடிப்பேற்றிற்கு வாயிலாமென முடித்தருளினர். ஆண்டுப் பேசப்படும் உதவி இரண்டு. ஒன்று, காட்டுதல், மற்றொன்று, உடனின்று காணுதல். காட்டும் உபகாரம் பலர்க்கும் எளிதில் விளங்கும். காணும் உபகாரமோ, நூலைப் பன்முறை ஓதியவர்க்கும் சொல்லளவாய் நின்றுவிடுதல் உண்டு. அது சொல்லளவின் நீங்கி ஒருவர்க்கு வாழ்விலே விளங்கிய வரலாறு ஈண்டுக் கூறப்படும்.

திருவையாற்றில் முதிய தம்பதிகள் இருவர் வாழ்கின்றனர். கணவர் பொதுப்பணித்துறையிற் பொறியாளராயிருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிறுதோறும் மாலையில் அன்பர் சிலர்க்குத் தம் இல்லத் திண்ணையிற் சித்தாந்த நூல்களைப் பாடஞ் சொல்லுபவர். மனைவியார் உள்ளே அடுக்களையில் இருந்தபடியே அப்பாடங்களைச் செவிமடுத்து வந்தவர். மணம் நிகழ்ந்த ஆண்டிலே, ஐயாறப்பர் திருமுன்னர், "நாயன்மார் பாடிய தலங்களுள் அயல்நாட்டெல்லையில் உள்ளவற்றையும் உனக்குக் காட்டுவேன்" என்று கணவர் ஒரு சொல் கொடுத்திருந்தார். பின்னர் ஆண்டுகள் கழிந்தன. மதகு பழுதுபார்த்தல் ஓராண்டு, மக்கள் படிப்பு ஓராண்டு, வீடு கட்டுதல் ஓராண்டு என்று அச்சொல் தள்ளிக்கொண்டே வந்தது. அம்மையார் ஒருபோதும் அதனை நினைவூட்டினாரல்லர்.

ஓய்வுபெற்ற பின்னரே வேறொன்று நிகழ்ந்தது. அம்மையார் வாயிற்படியில் இடறலானார். பக்கத்தில் இருந்த செம்பினைக் கை தட்டி உருட்டலானார். "பார்த்து நட" என்று கணவர் பலகாற் கூறினார். புதிய மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுத்தார். இவ்வாறு இரண்டாண்டு சென்றபின், கண் மருத்துவர் ஒருவர் நோக்கி, அது கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோயென்று தெளிவித்தார். இந்நோயில் பார்வை நரம்பு சிறிது சிறிதாய்க் கெடும். பெரும்பாலும் பக்கப் பார்வையே முதற்கண் குறையும். நடுப்பார்வை நெடுநாள் எஞ்சி நிற்கும். மூங்கிற் குழாயின் வழியே உலகை நோக்குவார் நிலை போல்வது அது. சொட்டு மருந்தினால் எஞ்சிய பார்வையைக் காக்க முயலலாமேயன்றி, இழந்த பார்வை மீளாது. இதனைக் கேட்டு வீடு திரும்பிய இரவு கணவர் உறங்கினாரல்லர். "பார்த்து நட" என்று தாம் கூறிய சொற்களே அவர் செவியில் ஒலித்துக்கொண்டிருந்தன.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் இருவரும் தம் மோட்டார் வண்டியிற் புறப்பட்டனர். தொண்டைநாட்டுத் திருக்காளத்தி, வடநாட்டுத் திருப்பருப்பதம், துளுவநாட்டுத் திருக்கோகரணம், மலைநாட்டுத் திருவஞ்சைக்களம் என்னும் நான்கும் தேவாரப் பாடல் பெற்றவை. முன்னைய இரண்டும் இன்று ஆந்திரத்திலும், மூன்றாவது கருநாடகத்திலும், நான்காவது கேரளத்திலும் அமைந்துள்ளன. இவற்றை ஒரு வட்டமாகச் சுற்றி வருவதென்றும், இடையே காணத்தக்க அணைகளையும் பழைய நகரங்களையும் கடற்கரைகளையும் கண்டு செல்வதென்றும் கணவர் வகுத்தார். பொறியாளராதலின், குறிப்பேடு ஒன்றிற் பத்திகள் இட்டு, இடம், தொலைவு, நேரம் என்பவற்றை வரிசையாக எழுதினார். கடைப் பத்திக்குக் "கண்டது" என்று தலைப்பிட்டார். ஒவ்வோரிடமும் கண்டு முடித்தபின் ஆங்கோர் அடையாளம் இடுதல் வேண்டுமென்பது அவர் கருத்து. மனைவியாரின் கண் மறைவதற்குமுன் உலகத்தில் இயன்றதனைத்தையும் அக்கண்ணுட் பெய்துவிடல் வேண்டும் என்னும் விரைவு அவரைப் பற்றியிருந்தது. மருந்துப் புட்டியைப் பனிக்கட்டியிட்ட சிறு பெட்டியில் வைத்துக்கொண்டார். இரவு ஒன்பது மணிக்கு எவ்வூரில் இருப்பினும் இரு கண்ணிலும் ஒவ்வொரு துளி இடுதல் அவர் பணியாயிற்று.

திருக்காளத்தியில் வாயுலிங்கமாய் எழுந்தருளிய பெருமானை வழிபட்டனர். கருவறைத் தீபங்களுட் சில அசையாது நிற்க, ஒன்று மட்டும் காற்றுப் பட்டாற்போல அசைந்துகொண்டிருத்தல் அத்தலத்தின் அற்புதமாகக் காட்டப்பெறுவது. அம்மையார் அச்சுடரை நெடுநேரம் நோக்கிக் கண்ணீர் உகுத்தார். நடுப்பார்வைக்கு ஒரு சுடர் போதுமானது. பின்னர்க் கண்ணப்பர் மலைமேல் ஏறினர். தம் வலக்கண்ணை இடந்து அப்பியபின், இடக்கண்ணையும் இடக்கத் துணிந்த அவ்வேடர் பெருமான், இரு கண்ணும் இழந்தால் இடம் தெரியாதென்று கருதித் தம் திருவடியை அடையாளமாக ஊன்றிய வரலாற்றைக் கணவர் விரித்துரைத்தார். உரைத்து முடித்துக் கீழே கைநீட்டி, "அதோ இராசகோபுரம். கிருட்டிணதேவராயர் 1516இல் எடுத்த கோபுரம் 2010இல் இடிந்து வீழ்ந்தது; அவ்விடத்தில் 2017இற் குடமுழுக்குப் பெற்ற புதிய கோபுரம் அது. கண்டாயா?" என்றார். "கண்டேன்" என்றார் அம்மையார். குறிப்பேட்டில் அடையாளம் விழுந்தது.

மறுநாள் நெல்லூர், மார்க்காபுரம், தோரணாலா என்னும் ஊர்களின் வழியாக நல்லமலைக் காட்டினுட் புகுந்தனர். புலிகள் காப்பகமாகிய அக்காட்டு வழியில் இரவில் வண்டிகளை விடாராதலின், கணவர் விரைந்து செலுத்தினார். செலுத்தும்போதே, "அதோ குரங்குக் கூட்டம்", "அதோ பள்ளத்தாக்கு" என்று காட்டிக்கொண்டே சென்றார். ஒவ்வொன்றற்கும் "கண்டேன், கண்டேன்" என்ற விடையே வந்தது.

திருப்பருப்பதத்தை அடையுமுன் வழியிலே சிகரேசுவரம் என்னும் உச்சி உள்ளது. ஆண்டுள்ள சிறிய நந்தியின் இரு கொம்புகளுக்கு நடுவே நோக்கி, தொலைவிலே தோன்றும் மல்லிகார்ச்சுனர் கோயிலின் சிகரத்தைக் கண்டவர்க்குப் பிறவியில்லை என்பது வழிவழி வந்த நம்பிக்கை. படியேறிச் சென்ற கணவர், முதலிற் றாம் நோக்கிச் சிகரத்தைக் கண்டு கைகூப்பினார். பின்னர் மனைவியாரை அவ்விடத்தில் நிறுத்தி, "கொம்புகளின் நடுவே நேரே பார், தெரிகின்றதா?" என வினவினார். பின்னே அன்பர் பலர் முறைக்குக் காத்து நின்றனர். "தெரிகின்றது" என்று அம்மையார் கைகூப்பினார்.

அப்பொழுதே கணவர் அவர் முகத்தை நோக்கினார். அம்முகம் கோயில் உள்ள திசையை நோக்கியிருக்கவில்லை. இடப்புறத்து வெறுங்காட்டினை நோக்கியிருந்தது.

"எங்கே தெரிகின்றது? விரலாற் காட்டு" என்றார். அம்மையார் கூப்பிய கை கூப்பியபடியே வாளா நின்றார். ஒருபுறமாக விலகி வந்தபின், தாழ்ந்த குரலில், "எனக்கு அகப்படவில்லை. காளத்தியிற் கோபுரமும் அகப்படவில்லை. வழியில் நீங்கள் காட்டியவற்றுள் ஒன்றும் அகப்படவில்லை. நான் திரும்புவதற்குள் வண்டி கடந்துவிடுகின்றது. இவ்வளவு பாடுபட்டு அழைத்து வருகின்றீர்களே, இல்லை என்று எவ்வாறு சொல்வேன்?" என்றார்.

கணவர்க்குச் சிறிதுபோது நாவெழவில்லை. கடைப் பத்தியில் இட்ட அடையாளங்கள் யாவும் பொய்யாயின. பொய் அம்மையாருடையதன்று. கைநீட்டியதோடு தம் கடன் கழிந்ததாக எண்ணிய தம்முடைய பொய்யே அஃது என்பது அவர்க்குப் புலப்பட்டது.

காத்திருந்தோர் யாவரும் நோக்கிச் சென்றபின் மீண்டும் நந்தியின் அருகே வந்தனர். இம்முறை கணவர் கைநீட்டிக் காட்டினாரல்லர். மனைவியாரின் பின்னே நின்று, தம் முழங்காலை மடக்கி அவருயரத்திற்குத் தாழ்ந்து, கன்னத்தோடு கன்னம் சேர்த்து, அவர் கண் நிற்குமிடத்தினின்றும் தாம் நோக்கினார். நோக்கியபோது தாம் கண்ட காட்சி ஆங்கில்லை. தம்மினும் ஒருசாண் குறைந்த உயரத்தில், கொம்பும் வேறாய்த் தோன்றிற்று. மலைவரையும் வேறாய்த் தோன்றிற்று. தாம் நின்று கண்ட இடத்திலிருந்துகொண்டு, அவர் நின்ற இடத்திற்கு வழி சொல்லியிருக்கின்றார்! அம்மையாரின் மோவாயைப் பற்றி விரலளவு விரலளவாகத் திருப்பினார். திருப்புந்தோறும் தாமும் உடன் நோக்கினார். சிகரம் தம் கண்ணிற்கு அகப்பட்டவுடன் நிறுத்தி, "இப்பொழுது?" என்றார்.

அம்மையார் உடனே விடை கூறவில்லை. சிறிது நேரம் சென்றபின், "ஓர் அரிசி கிடப்பதுபோல வெள்ளையாய்த் தெரிகின்றது. அதுவோ?" என்றார். அதுவே.

அன்றிரவு தங்கும் விடுதியில் மருந்து இட்டபின், அம்மையார் தம் பார்வையின் நிலையை முதன்முறையாக விளங்கச் சொன்னார். "கருமையாய் ஏதோ வந்து மறைப்பதாக நீங்கள் நினைத்திருக்கின்றீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. மறைப்பது எனக்குத் தெரிவதேயில்லை. இருப்பது இல்லாததுபோல் ஆகிவிடுகின்றது, இடறி விழுந்த பின்னரே படி இருந்தது தெரிகின்றது" என்றார். இதனைக் கேட்ட கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். புறவிருள் பிறபொருளை மறைப்பினும் இருளாகிய தன்னைக் காட்டி நிற்கும். ஆணவமலமோ பிறவற்றோடு தன்னையும் மறைத்து நிற்கும் என்பது உமாபதிசிவனார் திருவருட்பயனில் உணர்த்தியது. அப்பகுதியை அவர் திண்ணையிற் பன்முறை பாடஞ் சொன்னவர். மனைவியாரின் கண்ணோய் அதற்கு இத்துணைப் பொருத்தமான உவமையாதலை அன்றே கண்டார். அதனோடு மற்றொன்றும் கண்டார். கண் குறைந்தவர்க்குத் தாம் காட்டுகின்றோம் என்னும் எண்ணத்தினுள்ளே, தாம் காணாதது ஒன்று இத்தனை நாளும் மறைந்திருந்தது, மறைந்திருந்தமையும் தெரியாதிருந்தது. அவ்வகையில் இருவருள் பார்வை மிகக் குறைந்தவர் யாவர் என்னும் வினா அவருள்ளே எழுந்தது.

காணும் உபகாரம் என்னும் சொல் அவ்விரவிலேதான் அவர்க்குப் பொருள் தந்தது. தொலைவிலிருந்து சுட்டுவதனால் மட்டும் காட்டுதல் நிரம்பாது. காண்பவன் நிற்குமிடத்திற்குத் தான் இறங்கி, அவன் உயரத்திற்குத் தான் தாழ்ந்து, அவன் காண்பதனைத் தானும் உடன் கண்டாலன்றிக் காட்டுதல் கூடாது. ஒரு பிற்பகலில், ஒரு நந்தியின் முன்னர், முழங்கால் நோவ ஒருவர் செய்த இதனை, இறைவன் எண்ணிறந்த உயிர்கள்மாட்டு, எண்ணிறந்த பிறவிதோறும், ஓர் இமைப்பொழுதும் நீங்காது செய்து நிற்கின்றான். உவமை ஒருபுடை ஒப்புமையே கொள்ளற்பாலது. இறைவன் எங்கும் நிறைந்தவனாதலின் அவனுக்கு இறங்குதலும் தாழ்தலும் இல்லை. உயிர்க்கு உயிராய் இயல்பாகவே உடனிற்பவன் அவன். ஆண்டுக் காட்டியவராய் நின்றவரோ தாமும் காட்டப்பட்டவரே. எனினும், அவ்வுவமை இல்லையாயின் அவர்க்கு அப்பொருள் விளங்கியிராது.

மறுநாட் காலையில் மல்லிகார்ச்சுனப் பெருமானைத் தீண்டி வழிபடும் பேறு இருவர்க்கும் கிடைத்தது. அத்தலத்தில் அன்பர்கள் இலிங்கத் திருமேனியைத் தம் கையாற் றொட்டு வணங்கும் வழக்கம் உண்டு. வெளியே வந்த அம்மையார், "கண்ணப்பர் காலை ஊன்றியது இதற்குத்தானே? கண் போனாலும் இடம் தெரியவேண்டும் என்பதற்கு" என்றார். கணவர் விரித்துரைத்த வரலாற்றில் அவர் காணாததனை அம்மையார் கண்டிருந்தார்.

பின்னர்க் கிருட்டிணையாற்றின் குறுக்கே எழுந்த அணைக்குச் சென்றனர். 512 மீட்டர் நீளமும் 12 மதகும் உடைய அப்பேரணையைக் காண்பது பொறியாளர்க்கு நெடுநாள் விருப்பம். முன்னைய நாளாயின், "அதோ அணை" என்று கூறி மேற்சென்றிருப்பார். அன்று, அம்மையாரின் தோளோடு தோள் சேர்த்து நின்று, முதல் மதகிலிருந்து தொடங்கி, ஒன்று கண்டபின் மற்றொன்றாகப் பன்னிரண்டினையும் எண்ணுவித்தார். அரைமணி நேரம் சென்றது. குறிப்பேட்டில் எழுதிய இரண்டிடங்கள் அன்று விடுபட்டன. கணவர் அவற்றைக் கோடிட்டு அடித்தார். கடைப் பத்தியில் அதன்பின் ஒன்றும் எழுதினாரல்லர்.

ஆண்டிருந்து கர்னூல், பல்லாரி வழியாகக் கருநாடகத்துள் சென்றனர். திருநாவுக்கரசு சுவாமிகள் கயிலைக்காட்சி விழைந்து சென்ற வழியும் ஏறக்குறைய அதுவே. திருக்காளத்தியினின்றும் திருப்பருப்பதம் சார்ந்து, தெலுங்க நாட்டையும் கன்னட நாட்டையும் கடந்து, மாளவம், இலாடம் முதலியவற்றின் வழியே காசியையும் கடந்து அவர் சென்றமையைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றனர். கால் தேய நடந்தவர், கையால் ஊர்ந்து, மார்பினாற் றவழ்ந்து, புரண்டு சென்ற வழி அது. மெத்தை இட்ட வண்டியில், ஒரு நாளில் 300 கிலோமீட்டர் செல்லும் தம் பயணத்தை அதனோடு வைத்து எண்ண, இருவர்க்கும் நாணம் தோன்றிற்று.

துங்கபத்திரைக் கரையில் அம்பி நகரம் உள்ளது. 1336இல் தோன்றிய விசயநகரப் பேரரசின் தலைநகர் அது. 1565இல் நிகழ்ந்த தலைக்கோட்டைப் போரின் பின்னர் அழிவுற்றது. மண்டபங்களும் கடைவீதித் தூண்களும் பாறைகளினிடையே சிதறிக் கிடப்பினும், விரூபாட்சர் கோயிலில் வழிபாடு இன்றும் நடைபெறுகின்றது. அக்கோயிலின் பின்புறத்தே இருண்ட சிற்றறை ஒன்று உண்டு. சுவரிலுள்ள சிறு துளையின் வழியே புகும் ஒளியினால், கிழக்கு இராசகோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாய் விழுகின்றது. அம்மையார் நெடுநேரம் நின்றும் அந்நிழல் அவர்க்குத் தெளிவாய்த் தோன்றவில்லை. கணவர் அவர் விரலைப் பற்றிச் சுவரிலே நிழலின் விளிம்போடு மெல்லச் செலுத்தினார். "இது அடி, மேலே உள்ளது. இது கலசம், கீழே உள்ளது" என்று கூறிக்கொண்டே செலுத்த, விரல் சென்ற வழியே கண்ணும் சென்றது. "தலைகீழாய்த் தொங்குகின்றதே!" என்று அம்மையார் சிறுமிபோல நகைத்தார்.

ஒளி நேர்கோட்டிற் செல்லுதலின் சிறு துளையூடே வரும் வடிவம் கீழ்மேலாகும் என்று கணவர் விளக்கினார். கண்ணும் அத்தகைய இருட்டறையே. அதன் உட்புறத் திரையிலும் உலகம் தலைகீழாகவே விழுகின்றது. அங்ஙனமாயினும் ஒருவரும் உலகினைத் தலைகீழாய்க் காண்கின்றிலர். வீழ்ந்த வடிவைக் கொண்டு பொருளை நேரே அறிவது கண்ணன்று. உடம்பினுள்ளே நரம்பும் மூளையும் அதற்குத் துணைக்கருவிகளாய் நிற்கும். அவற்றையும் கருவியாகக் கொண்டு அறிவது உயிர். அவ்வுயிர்க்கு அறிவிப்பது சிவம். கருவி குறைந்தவிடத்து உயிர் குறைந்ததாகாது. உயிரை விட்டுச் சிவமும் நீங்கியதாகாது. இதனை அவர் பாடமாகச் சொன்னாரல்லர். அம்மையார் தம் விரலை அச்சுவரினின்றும் எடுக்க மனமின்றி நின்றதைக் கண்டு, தமக்குத் தாமே எண்ணிக்கொண்டார்.

உப்பள்ளி வழியாக மேற்குத் தொடர்மலையைக் கடந்து இறங்கிக் கோகரணம் சேர்ந்தனர். அரபிக்கடலின் கரையிலுள்ள அத்தலத்தின் பெயர்க்குப் பசுவின் காது என்பது பொருள். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிய தலம் அது. சம்பந்தர் பெருமான் கோகரணத்தையும் பருப்பதத்தையும் நேரிற் சென்று காணாது, திருக்காளத்தியில் இருந்தபடியே நினைந்து பாடியருளினர் என்பது பெரியபுராணத்தாற் பெறப்படும். கண் செல்லாத இடத்திற்கும் அன்பு செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. மகாபலேசுவரர் எனப்படும் அப்பெருமானின் இலிங்கத் திருமேனி பீடத்தினுள் ஆழ்ந்திருத்தலின், நடுவேயுள்ள துளையில் விரல் நுழைத்து உச்சியைத் தீண்டியே வழிபடுவர். ஆண்டுக் கண்ணுடையார்க்கும் கண்ணிலார்க்கும் வேற்றுமையில்லை. யாவர்க்கும் விரல்நுனியே கண்.

அன்று மாலை கடற்கரையில் அமர்ந்தனர். கதிரவன் கடலில் இறங்கும் காட்சியைக் காட்டக் கணவர் வாயெடுத்தார். அம்மையார் அவர் கையைப் பற்றி, "சற்றுப் பேசாதிருங்கள்; கேளுங்கள்" என்றார். சிறிதுபோது கழித்து, "பாறையில் மோதும் அலையின் ஒலி வேறு, மணலில் விரியும் அலையின் ஒலி வேறு. வலப்புறம் பாறை இருக்கின்றதல்லவா?" என்றார். கணவர் திரும்பி நோக்கினார். பாறை இருந்தது. நெடுநேரமாக அங்கு அமர்ந்திருந்தும் அவர் அதனை நோக்கியிருக்கவில்லை. பசுவின் காது எனப் பெயரிய ஊரிலே, காட்டுபவர் அம்மையாராகவும் காண்பவர் கணவராகவும் முறை மாறிற்று.

மேலைக் கடற்கரைச் சாலையில் இரண்டு நாள் தெற்கு நோக்கிச் சென்றனர். முருடேசுவரத்தில் 123 அடி உயரமுள்ள சிவபெருமான் திருவுருவத்தைக் கண்டனர். பேருருவாதலின் அஃது அம்மையாரின் பார்வையுள் ஒருங்கே அடங்கவில்லை. திருமுடி, திருமுகம், திருக்கை, திருவடி என ஒவ்வொன்றாகக் கண்டு, பின்னர்க் கண்மூடி உள்ளத்திலே ஒன்றாக்கிக்கொண்டார். முடிவிற் கொடுங்கோளூரை அடுத்த திருவஞ்சைக்களத்தை அடைந்தனர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் வெள்ளையானைமீது கயிலைக்கு எழுந்தருளிய தலம் அது. தோழராகிய சேரமான் பெருமாள் தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதி உடன் சென்றனர். இருவர் திருவுருவங்களும் அக்கோயிலில் உள்ளன.

அத்திருவுருவங்களின் முன்னே கணவர் அசையாது நின்றார். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குக் கொடுத்த சூளுரையைத் தவறியதனாற் கண்ணொளி இழந்தவர் சுந்தரர். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்று, திருவேகம்பத்தில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றவர் அவர். ஐயாறப்பர் திருமுன்னர்த் தாம் கொடுத்த சொல்லும், அது தவறி நின்ற நீண்ட ஆண்டுகளும், இடறியபோது தாம் வாங்கிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியும் அவர் நினைவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெளியே வந்து குளக்கரையில் அமர்ந்தபோது, அதுவரை சொல்லாதிருந்ததனைச் சொன்னார். "நேரத்திலே மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தால் இன்னும் சிறிது பார்வை எஞ்சியிருக்கும். நேரத்திலே இங்கெல்லாம் அழைத்து வந்திருந்தால் நீ முழுதும் கண்டிருப்பாய். இரண்டனையும் தவறவிட்டவன் நான்" என்றார்.

அம்மையார் மறுத்தாரல்லர். மறுத்திருப்பின் அதுவும் முன்னைய "கண்டேன்" போல்வதாயிருக்கும். சிறிது நேரம் வாளா இருந்து, "ஆம்; எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் கணக்கு மாறியிருக்கின்றது. சொல் தவறியவர் நீங்கள். கண் குறைந்தது எனக்கு. திருவொற்றியூர் வழக்கு இப்படித் தீரவில்லையே" என்று மெல்ல நகைத்தார். பின்னர், "சுந்தரருக்குக் கோல் திருவெண்பாக்கத்திற் கிடைத்தது, எனக்குச் சிகரேசுவரத்திற் கிடைத்தது" என்று கூறி எழுந்து, அவர் தோளில் கை வைத்தார். தமிழ்நாட்டை விட்டு நீங்கிய நாள் முதலாக அவர் கேளாமலே கையைப் பற்றி வந்தவர் கணவர். அன்று அம்மையார் தாமே பற்றினார்.

பாலைக்காட்டுக் கணவாய் வழியாகவும், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி வழியாகவும் திருவையாறு திரும்பினர். புறப்பட்ட நாள் முதல் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் சென்றிருந்தனர். திரும்பிய மறுநாட் காலையில் ஐயாறப்பரை வழிபட்டு, அப்பர் பெருமான் எழுந்த திருக்குளத்தின் படியில் அமர்ந்தனர். வடக்கே நெடுந்தொலைவில் உடல் தேய்ந்து வீழ்ந்த அப்பெருமானை ஆண்டுள்ள பொய்கையில் மூழ்குவித்து, இவ்வூர்க் குளத்தில் எழச்செய்து கயிலைக் கோலத்தைக் காட்டியருளினன் இறைவன். அத்தனை நாடும் கடந்து காணாதது, புறப்பட்ட சோழநாட்டிலே, நாள்தோறும் மக்கள் நீராடும் குளக்கரையிலே காட்டப்பட்டது. அங்கு அவர் கண்டவை யாவை? யானை தன் பிடியோடும், சேவல் தன் பேடையோடும், குயிலும் மயிலும் கிளியும் தத்தம் துணையோடும் வருவனவே. உலகில் யாவரும் நாளும் காணும் அவ்விணைகளையே சிவமும் சத்தியுமாகக் கண்டு, அதுவரை கண்டிராத திருவடியைக் கண்டதாகப் பாடினர். காட்சி புதிதன்று, காணுமாறு காட்டிய அருளே புதிது.

குளத்துப் படியில் அமர்ந்திருந்த அவ்விருவர்முன் அன்று யானையும் வரவில்லை, மயிலும் வரவில்லை. எதிர்க்கரையில் இரண்டு புறாக்கள் நீர் அருந்த இறங்கின. கணவர் முழங்காலை மடக்கி அம்மையாரின் தோளருகே தாழ்ந்து, அவர் முகத்தைச் சிறிது திருப்பினார். "இரண்டா?" என்றார் அம்மையார். "இரண்டே" என்றார் கணவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையிற் பாடம் மீண்டும் தொடங்கிற்று. 11ஆம் சூத்திரத்திற்கு வந்தபோது, கணவர் தம் உரைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு, "இதனை அவள் சொல்லட்டும்" என்று கூறி, உள்ளே இருந்த அம்மையாரை அழைத்துத் தம்மருகே அமர்த்தினார். அம்மையார் நூற்பொருள் ஒன்றும் விரித்தாரல்லர். சிகரேசுவரத்தில் நிகழ்ந்ததனை மட்டும் நிகழ்ந்தபடியே சொன்னார். கேட்டிருந்தோர் ஐயம் ஒன்றும் வினவவில்லை. பாடம் முடிந்து விளக்கேற்றி, இரவு ஒன்பது மணிக்கு வழக்கம்போல இரு கண்ணிலும் மருந்து இடப்பெற்றது. கண் குறையினும் காட்டுவான் குறைவிலன். உடனின்று காண்பான் ஒருநாளும் நீங்கான். அவன் திருவருள் வெல்க.

திருச்சிற்றம்பலம்